பழைய சோறும் வயதான பாட்டியும்

கேள்வி: என் மகள் படிவம் 4 மாணவி. தினமும் பத்து ஆங்கிலச் சொற்களைப் பொருள், ஒத்த சொல், எதிர்ச்சொல்லோடு மனப்பாடம் செய்கிறாள். ஆனால் கட்டுரையில் ‘மை ஏன்ஷியன்ட் கிராண்ட்மதர்’ என்று எழுதியதற்கு ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். ‘ஓல்ட்’, ‘ஏன்ஷியன்ட்’ இரண்டும் ஒன்றுதானே?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, உங்கள் மகள் என்றைக்காவது ‘பழைய பாட்டி’ என்று சொல்லியிருக்கிறாளா? சோறு பழையது, சட்டை பழையது, பாட்டி வயதானவர். இதை அவளுக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. எந்தச் சொல் எதோடு சேரும் என்பது காதில் விழுந்து விழுந்தே வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கும் அந்தப் பழக்கம்தான் வேண்டும்.

‘ஏன்ஷியன்ட்’ என்றால் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியது. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட கோயில் இடிபாடுகள் இருக்கின்றனவே, அவை ஏன்ஷியன்ட். ஜார்ஜ் டவுன் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது, அதற்கு ‘ஓல்ட்’ போதும். பாட்டிக்கு ‘எல்டர்லி’ என்று எழுதச் சொல்லுங்கள், அதில் மரியாதையும் சேர்ந்தே வரும். காய்ந்துபோன ரொட்டி ‘ஸ்டேல்’.

எதிர்ச்சொல்லும் இப்படித்தான். ‘ஓல்டு’க்கு எதிர் ‘நியூ’ என்று ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிதான் தெரியும். சட்டைக்கு நியூ, ஆளுக்கு யங், ரொட்டிக்கு ஃப்ரெஷ்.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: நாளுக்குப் பத்து வேண்டாம், மூன்று போதும். நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். அதில் உங்கள் வீட்டில் உண்மையாக நடந்ததை வைத்து ஒரு வாக்கியம். என்னிடம் படித்த ஒரு பெண் ‘ஸ்டேல்’ பக்கத்தில், ‘அம்மா ஸ்டேல் ரொட்டியை முட்டையில் தோய்த்துப் பொரித்தார், தம்பி நாலு துண்டு சாப்பிட்டான்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அந்தச் சொல் இனி அவளுக்கு மறக்காது.

அகராதி வாங்குவதானால் உதாரண வாக்கியங்கள் உள்ளதாகப் பாருங்கள். ஜார்ஜ் டவுன் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. மகளையும் கூட்டிப் போங்கள், அவளே புரட்டிப் பார்த்து எடுக்கட்டும்.

கேள்வி: என் மகன் ‘பாரோ மீ யுவர் பென்’ என்கிறான். எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லை.
– ஒரு தந்தை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மலாய்ப் பேச்சில் இரவல் வாங்குவது, கொடுப்பது இரண்டுக்கும் ‘பிஞ்சாம்’ என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் வரும் பழக்கம் ஐயா. தமிழில் யோசிக்கச் சொல்லுங்கள். இரவல் வாங்குவது ‘பாரோ’, இரவல் கொடுப்பது ‘லெண்ட்’. ‘பேனாவைக் கொடு’ என்று கேட்கிறானா? அப்படியானால் ‘லெண்ட் மீ யுவர் பென்’. ‘வாங்கிக்கொள்ளட்டுமா’ என்று கேட்டால் ‘மே ஐ பாரோ யுவர் பென்’.