பெட் ஸ்கேன்ல இல்லாதது எம்ஆர்ஐ-ல தெரியுமா?

கேள்வி: அப்பாவுக்கு காதுக்கு முன்னாடி இருக்கிற உமிழ்நீர் சுரப்பியில கட்டி. பயாப்ஸில அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாங்கிற கேன்சர், நரம்பை ஒட்டிப் பரவுதுன்னு வந்திருக்கு. சிடி, பெட் ரெண்டும் எடுத்தாச்சு, வேற எங்கயும் இல்லையாம். இப்ப எம்ஆர்ஐ வேற எடுக்கச் சொல்றாங்க. முகத்துல மரப்பு, கோணல் எதுவும் கிடையாது. அவசியமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவசியம்தாங்க. நரம்பு வழியா ஊர்ந்து போறதுல பேர்போன கேன்சர் இது, அதுவும் அந்த சுரப்பிக்குள்ளயே முக நரம்பு ஓடுது, தாடை நரம்போட கிளை ஒண்ணும் அங்க வந்து சேருது, ரெண்டும் மண்டையோட்டு அடியில இருக்கிற சின்னச் சின்ன ஓட்டை வழியா மூளைப் பக்கம் போற பாதை. அறிகுறி இல்லங்கிறத நம்பி விட முடியாது, பலருக்கு ஒண்ணுமே தெரியாமத்தான் பரவியிருக்கும்.

பெட்ல ஏன் தெரியாமப் போகலாம்னா, சர்க்கரையை அதிகமா இழுக்கிற இடத்தைத்தான் அது பளிச்சுன்னு காட்டும். நரம்பு ரொம்ப மெல்லிசு, பக்கத்துலயே மூளை சர்க்கரையை இழுத்துக்கிட்டு பளபளன்னு எரியும், இந்த வகை கட்டி பல நேரம் அவ்வளவா சர்க்கரை இழுக்காது. சிடில எலும்பு ஓட்டை அகலமாயிருந்தா தெரியும், ஆனா அதுக்குள்ள கட்டி நல்லாவே வளர்ந்திருக்கும்.

எம்ஆர்ஐ-ல கடோலினியம்ங்கிற, படத்தைத் தெளிவாக்குற மருந்து போட்டு, கொழுப்போட வெளிச்சத்தை அடக்கி எடுத்தா, பாதிச்ச நரம்பு தடிச்சு வெள்ளையா தெரியும். மருந்து போடறதுக்கு முன்னாடி எடுக்கிற டி1ங்கிற வகை எம்ஆர்ஐ படமும் லேசுப்பட்டதில்ல. அதுல ஓட்டை வாசல்ல இருக்கிற கொழுப்பு வெள்ளையா இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் அது காணாமப் போயிருந்தா சந்தேகம்தான். மெல்லுற தசை ஒரு பக்கம் சூம்பியிருந்தாலும் தாடை நரம்பு அடிவாங்கியிருக்கலாம். ஆனா முக நரம்பு காது எலும்புக்குள்ள இயல்பாவே கொஞ்சம் மருந்தைப் பிடிச்சு வெள்ளையா தெரியும், அதனால ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் சொல்லுவாங்க.

ஸ்கேன் சீட்டுல வெறும் "கட்டி"ன்னு இல்லாம நரம்பு வழிப் பரவல் இருக்கான்னு பாக்கணும்னு எழுதியிருக்கான்னு பாருங்க, அப்பதான் மூளைத்தண்டு வரைக்கும் மெல்லிசான ஸ்லைஸா எடுப்பாங்க. பேஸ்மேக்கர், கிட்னி பிரச்சனை இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க.

எங்க வரை வெட்டணும், ரேடியேஷன் எதுவரை போகணும்னு முடிவு பண்ண இந்தப் படம் வேணும். சுத்தமா வந்தாலும் ரேடியேஷன் வேண்டாம்னு ஆயிடாது, மைக்ராஸ்கோப்ல மட்டும் தெரியிற அளவு பரவல் எந்த ஸ்கேன்லயும் சிக்காது. 10 வருஷம் கழிச்சுக்கூட திரும்பி வர்ற வகை இது, அதனால ரிப்போர்ட் மட்டும் போதாது, படம் பதிஞ்ச டிஸ்க்கையும் கேட்டு வாங்கி வைங்க, அடுத்தடுத்த ஸ்கேனை இதோடதான் ஒப்பிடுவாங்க.