தாயின் பெயர் எங்கே? இழுவைக் குதிரைகள் பற்றி வாசகர் கேள்விகள்

நியூசிலாந்தின் ஒட்டாகோ, சவுத்லாந்து வட்டாரங்களிலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் ஏர் உழுத, ஸ்காட்லாந்திலிருந்து வந்த கிளைட்ஸ்டேல் என்ற இழுவைக் குதிரைகளைப் பற்றி எழுதியதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பாதிக்கு மேல் பொலிகுதிரைகளை (இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் குதிரைகளை)ப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பொலிகுதிரையைப் பண்ணை பண்ணையாக நடத்திக் கூட்டிப்போனார்கள் என்றீர்கள். பெண் குதிரையை அது இருக்கும் இடத்துக்கு ஓட்டிப்போவதுதானே எளிது? (ஈரோடு வாசகர்)

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது எந்த மாதம் என்று பாருங்கள். அந்த நாடுகளில் வசந்தம் பிறப்பது செப்டம்பரில். பெண் குதிரைகள் பருவத்துக்கு வருவதும், குட்டி போடுவதும், வயலில் வேலை நெருக்குவதும் ஒரே சமயத்தில். ஏரில் பூட்டிய குதிரையை அவிழ்த்து இருபது மைல் ஓட்டிப்போனால் அந்த வாரத்து உழவு போச்சு. காலடியில் பச்சைக்குட்டி இருந்தால் அதுவும் கூடவே நடக்க வேண்டும்.

அதனால் பொலிகுதிரை நடந்தது. 800, 900 கிலோ எடையுள்ள அந்தப் பிராணியை ஒரு குதிரைக்காரர் கையில் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை ஒரு பண்ணை, செவ்வாய்க்கிழமை அடுத்த ஊர்ச் சத்திரம் என்று வாரம் ஒரு சுற்று போய் வருவார். எந்த நாளில் எங்கே நிற்கும் என்று ஊர்ப் பத்திரிகையில் முன்கூட்டியே விளம்பரம் வரும்.

இந்த வாரக் கணக்கு சும்மா வைத்ததல்ல. குட்டி போட்ட பெண் குதிரை ஏறக்குறைய 9 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். பருவம் 5 முதல் 7 நாள் நீடிக்கும். சினை பிடிக்கவில்லை என்றால் 21 நாளில் திரும்பவும் வரும். வாரம் தவறாமல் பொலிகுதிரை வாசலுக்கு வந்தால் எந்தப் பருவமும் நழுவாது. மூன்றாவது வாரம் அதன் முன்னால் நிறுத்திப் பார்ப்பார்கள். பெண் குதிரை காதை மடக்கி உதைத்து விரட்டினால் சினை நின்றுவிட்டது என்று நம்பிக்கையோடு குறித்துக்கொள்வார்கள். அப்புறம் 11 மாதக் காத்திருப்பு.

கட்டணம் பெரும்பாலும் கினிக் கணக்கில் (ஒரு கினி 21 ஷில்லிங்). குதிரைக்காரருக்குத் தனியாகச் சில ஷில்லிங். விளம்பரத்தின் கடைசி வரியில் ‘கவனமாகப் பார்த்துக்கொள்வோம், ஆனால் பொறுப்பேற்க மாட்டோம்’ என்ற பொருளில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்.

பழைய பத்திரிகை விளம்பரம் ஒன்றில் ‘தந்தை இன்னார், தாய் இன்னாரின் மகள், பாட்டி இன்னாரின் மகள்’ என்று நீண்டுகொண்டே போகிறது. இதை எப்படிப் படிப்பது? (மெல்பர்ன் வாசகி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் ஆகிய இரண்டு பழைய பத்திரிகை மின்தொகுப்புகளிலும் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையான இதழ்களைப் புரட்டினால் இப்படிப்பட்ட விளம்பரங்கள் பத்தி பத்தியாகக் கிடைக்கும்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வரியில் உள்ள பெயர்கள் எல்லாமே ஆண் குதிரைகளின் பெயர்கள். தாய்க்குப் பெயர் இல்லை, ‘இன்னாரின் மகள்’ என்பதோடு சரி. பாட்டிக்கும் அதே கதி. தந்தையிடமிருந்து பாதி இரத்தம், தாயின் தந்தையிடமிருந்து கால், பாட்டியின் தந்தையிடமிருந்து அரைக்கால் (எட்டில் ஒன்று), அதற்கும் முந்தியவளின் தந்தையிடமிருந்து வீசம் (பதினாறில் ஒன்று). ஆக 16-இல் 15 பங்கு கணக்கில் வந்துவிட்டது. மிஞ்சிய ஒரு வீசம், எங்கிருந்தோ வந்து அந்தப் பண்ணையில் முதன்முதலில் ஏர் இழுத்த ஒரு பெயரில்லாத பெண் குதிரை. இனத்தின் வம்சாவளியைக் குறித்துவைக்கும் பதிவேடுகளின் ‘தரம் உயர்த்தும்’ முறையும் இதே கணக்குதான். கலப்புப் பெண் குதிரையில் தொடங்கி, தலைமுறைக்குத் தலைமுறை பதிவுபெற்ற பொலிகுதிரையோடு சேர்த்துவந்தால், சில தலைமுறை கழித்துப் பிறப்பவற்றைப் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். புகழ்பெற்ற குதிரையின் பெயருக்கு முன்னால் ‘யங்’ (இளைய) சேர்த்து மகனுக்கு வைப்பது வழக்கம். யங் சாம்பியன் என்ற பெயரைப் பார்த்ததும் தேடி வந்த குதிரை கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம். அதே பெயரில் இன்னொன்று பக்கத்து மாவட்டத்திலேயே இருந்திருக்கலாம். பெயருக்குப் பின்னால் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். டார்ன்லி 222, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 673 என்பதுபோல எண் இருந்தால் அது ஸ்காட்லாந்துப் பதிவேட்டில் உள்ள ஒரே ஒரு குதிரை. எண் இல்லாவிட்டால் உரிமையாளர் பெயரையும் வருடத்தையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் கிளைட்ஸ்டேல் சங்கம் தொடங்கியது 1877-இல்தான், முதல் பதிவேடு அடுத்த வருடம் வந்தது. நியூசிலாந்தில் தனிச் சங்கம் 1911-இல். அதற்கு முன்பே பல தலைமுறைக் குதிரைகள் கப்பலேறிப் போய்விட்டன. அந்தக் காலத்து வம்சாவளி பெரும்பாலும் உரிமையாளரின் வாய்ச்சொல். எல்லாம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் குதிரையை வாடகைக்கு விடுபவரே எழுதிய வரலாறு என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தாயின் பெயர் விடுபட்டதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. பொலிகுதிரை வருடத்தில் சில மாதம்தான் கண்ணில் பட்டது. பெண் குதிரையோ வருடம் முழுக்க உழைத்தாள், சினையோடும் இழுத்தாள். கால் நொண்டாமல் பதினைந்து வருடம் உழுதவள் எவள் என்று அந்தப் பண்ணைக்காரருக்கு நன்றாகத் தெரியும். வம்சத்தில் எழுதிவைக்க வேண்டிய தகவல் அதுதான். அதைத்தான் எழுதாமல் விட்டார்கள்.

கிளைட்ஸ்டேல் கலப்பில்லாத இனமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

இல்லை. ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயரில் உள்ளூர்ப் பெண் குதிரைகளோடு 18-ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ் நாட்டுப் பொலிகுதிரைகளைச் சேர்த்து உருவானது அது. பின்னாளில் இங்கிலாந்தின் இழுவை இனமான ஷயரின் இரத்தமும் கலந்தது. மெரிட்டன் பண்ணையின் லாரன்ஸ் ட்ரூ இங்கிலாந்திலிருந்து ஷயர் பெண் குதிரைகளை வாங்கி வந்து, 1866-இல் பிறந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸோடு சேர்த்தார். இரண்டும் ஒரே இனத்தின் இரு கிளைகள் என்பது அவர் கட்சி. சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் 1883-இல் போட்டிச் சங்கமே தொடங்கினார். அடுத்த வருடம் இறந்துவிட்டார். பின்னால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், டார்ன்லி இரண்டின் வம்சங்களையும் சேர்த்ததில் பிறந்தவைதான் இனத்துக்கே பெயர் வாங்கித் தந்தன.

காலனிகளில் இந்தச் சண்டைக்கு அவ்வளவு மதிப்பில்லை. உழவருக்கு வேண்டியது இழுக்கும் குதிரை. கிளைட்ஸ்டேல், ஷயர் இரண்டும் கலந்து ‘டிராஃப்ட்’ (இழுவை) என்ற ஒரே பெயரில் ஓடின. அதில் தவறு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

ஒரு பொலிகுதிரை 9,500 பவுண்டுக்கு விலைபோனது உண்மையா? (சென்னை வாசகர்)

உண்மை. பேரன் ஆஃப் புக்லைவி, 1900-இல் பிறந்தது. கில்பாட்ரிக், டன்லப் என்ற இருவர் கூட்டாக 700 பவுண்டுக்கு வாங்கினார்கள். பிறகு பங்கு யாருக்கு என்று வழக்கு மூண்டு, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. கடைசியில் 1911-இல் ஸ்காட்லாந்தின் ஏர் (Ayr) நகரத்தில் ஏலம் விட்டார்கள். டன்லப் 9,500 பவுண்டுக்கு எடுத்தார். 1914-இல் ஒரு பெண் குதிரை உதைத்துக் கால் முறிந்து அது இறந்தது. எலும்புக்கூடு கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மகன் டன்யூர் ஃபுட்பிரின்ட் தந்தையையும் மிஞ்சிப் பெயர் வாங்கியது.

அரசாங்கம் பொலிகுதிரைகளைச் சோதித்ததாமே? எதைப் பார்த்தார்கள்? (நாமக்கல் கால்நடை மருத்துவ மாணவர்)

மலிவு விலையில் கிடைத்த குறையுள்ள பொலிகுதிரை ஒன்று, ஒரே பருவத்தில் ஒரு வட்டாரத்தையே கெடுத்துவிடும். ஒரு பெண் குதிரையின் குறை வருடம் ஒரு குட்டியோடு நிற்கும். பொலிகுதிரையின் குறை எண்பது, தொண்ணூறு குட்டிகளில் போய் இறங்கும். அதனால்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியாவில் அரசுக் கால்நடை மருத்துவர்கள் சோதித்துச் சான்று தர ஆரம்பித்தார்கள். பிரிட்டனிலேயே 1918 சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் பொலிகுதிரையை ஊர் சுற்ற விடக்கூடாது என்றாயிற்று.

இழுவைக் குதிரையில் முதலில் பார்ப்பது குளம்புக்கு மேலே இரு பக்கமும் உள்ள குருத்தெலும்பு. விரலால் அழுத்தினால் வளைந்து கொடுக்க வேண்டும். கல்போல இருந்தால் அது எலும்பாக மாறிவிட்டது. கனத்த உடம்பும் கடினமான தரையும் இதற்குக் காரணம்தான், ஆனால் பரம்பரைக்கும் பங்கு உண்டு. அடுத்து கணுவைச் சுற்றிய எலும்பு வளர்ச்சி. ஓடவிட்டு மூச்சில் இரைச்சல் கேட்கிறதா என்று பார்ப்பது. பின்னோக்கி நடத்தி, பின்னங்கால் நடுங்குகிறதா, வெடுக்கென்று வயிற்றை நோக்கித் தூக்குகிறதா என்று பார்ப்பது. நீண்ட கணுக்கால் முடியை விலக்கித் தோலையும் பாருங்கள். அந்த முடி காட்சிக்கு அழகுதான், ஆனால் சேறும் உண்ணியும் தங்கிப் புண்ணாகும் இடம் அது. முடியைப் பார்த்துப் பரிசு கொடுத்த நடுவர்கள் உழவருக்கு நல்லது செய்யவில்லை என்பது என் கருத்து.

மாடு இருக்கும்போது குதிரை எதற்கு?

காட்டைத் திருத்திய தொடக்க காலத்திலும், சதுப்பான பாதைகளிலும் எருதுகள்தான் இழுத்தன. நிலம் திருந்தியதும் குதிரை வந்தது. அது வேகமாக நடக்கும், ஓட்ஸ் போட்டால் நாள் முழுக்கத் தாங்கும். இரண்டு குதிரை, ஒற்றைக் கொழு, நாளுக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர்.

இந்தக் குதிரைகள் தமிழ்நாட்டுக்கு வந்ததுண்டா? (ஓசூர் வாசகி)

உழவுக்கு வரவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து ‘வேலர்’ குதிரைகள் 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக மதராஸுக்கு வந்தன. நியூ சவுத் வேல்ஸ் என்பதிலிருந்து வந்த பெயர் அது. வேலர் தனி இனமல்ல, ஒரு வகை. சவாரிக்கு ஒல்லியானவை, பீரங்கி வண்டிக்குக் கனமானவை. இந்தக் கனமானவற்றில் இழுவைக் குதிரையின் இரத்தம் கலந்திருந்தது. மதராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல் தள்ளி நிற்கும், குதிரைகளை அலைக்குள் இறக்கி நீந்தவிட்டுத்தான் கரைசேர்ப்பார்கள். உங்கள் ஊர் மத்திகிரி கால்நடைப் பண்ணையும் 1824-இல் படைக்குக் குதிரை தயார்செய்யும் இடமாகத் தொடங்கியதுதான்.

இப்போது எத்தனை மிஞ்சியிருக்கின்றன?

1911-இல் நியூசிலாந்தில் எல்லா வகையும் சேர்த்து 4 லட்சத்துக்கு மேல் குதிரைகள் இருந்தன. டிராக்டர் வந்ததும் சரிந்தது. ஸ்காட்லாந்திலேயே கிளைட்ஸ்டேல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நியூசிலாந்தின் தெற்கே இன்னும் சில குடும்பங்கள் வளர்க்கின்றன, உழவுப் போட்டிகளுக்குக் கொண்டுவருகின்றன. அங்கே போனால் பெண் குதிரைகளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.