சத்தம் போடாத வால்வையே சந்தேகியுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது புஷ்ராட் (கேமின் அசைவைத் தண்டு வழியே வால்வுக்குக் கொண்டுசெல்லும்) வகையைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் இன்ஜின் பொருத்திய பழைய கார். வால்வு இடைவெளியை வீட்டிலேயே நானாகச் சரிசெய்ய முடியுமா? முடியுமென்றால் எந்த முறையில் செய்ய வேண்டும்?

பதில்: முடியும். வால்வு இடைவெளி என்பது வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவே விட்டுவைக்கும் சிறு சந்து. பழைய கார் வைத்திருப்பவர் தம் கையாலேயே செய்யத்தக்க வேலைகளில் இன்ஜினின் ஆயுளை இந்த அளவுக்குக் காப்பாற்றும் வேலை வேறில்லை என்பது என் கருத்து. ஃபீலர் கேஜ் (சந்துகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), லாக் நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ராக்கர்களை மூடியிருக்கும் டேப்பெட் கவருக்குப் புதிய கேஸ்கெட் ஆகியவை இருந்தால் போதும். அவசரம் மட்டும் கூடாது.

முதலில் உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவை அதற்கான சர்வீஸ் கையேட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு காருக்குச் சொல்லப்பட்ட அளவு உங்கள் காருக்கு உதவாது. மினி காரில் இருந்த ஏ-சீரிஸ் இன்ஜினுக்குப் பொதுவாக 0.30 மி.மீ. சொல்லப்படுகிறது, காற்றால் குளிரும் பிற்கால பீட்டில் இன்ஜினுக்கோ அதில் பாதியான 0.15 மி.மீ.தான். இவை இரண்டும் இன்ஜின் முழுமையாகக் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவுகள். சில இன்ஜின்களுக்குச் சூடான நிலையில் பார்க்கும்படி கையேடு சொல்லும். இன்லெட் வால்வுக்கு ஓர் அளவும் எக்ஸாஸ்ட் வால்வுக்குச் சற்றுக் கூடுதலான இன்னோர் அளவும் தரப்பட்டிருப்பதும் உண்டு. குளிர்ந்த நிலை என்றால் இரவு முழுவதும் ஓடாமல் நின்ற இன்ஜின் என்று பொருள். ஒரு மணி நேரம் ஆறவிட்டது போதாது.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் எடுத்துவிட்டால் சிலிண்டருக்குள் அழுத்தம் சேராது. கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் உள்ள நட்டில் ஸ்பேனர் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கும்போது, இன்ஜினை எளிதாகச் சுற்றலாம். அது ஓடும் திசையில் மட்டுமே சுற்றுங்கள்.

ஒரு வால்வின் இடைவெளியை அளக்கும்போது அதற்குரிய கேமின் (சுழன்று வால்வைத் திறக்கும் பகுதியின்) மேடு முற்றிலும் விலகியிருக்க வேண்டும். இதற்குப் பலரும் பயன்படுத்தும் 9 விதி மிக வசதியானது. வால்வுகளை முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 8ஆம் வால்வு முழுவதும் திறந்து, அதன் ஸ்பிரிங் மிகவும் அமுங்கியிருக்கும் நிலையில் 1ஆம் வால்வைச் சரிசெய்யலாம். 6 திறந்திருந்தால் 3ஐயும், 4 திறந்திருந்தால் 5ஐயும் சரிசெய்யலாம். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 9. ஆனால் இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் இன்ஜினின் இரு பாதிகளிலும் கண்ணாடிப் பிம்பம்போல அமைந்து, சிலிண்டர்களில் எரிபொருள் பற்றும் வரிசை 1-3-4-2 என்றோ 1-2-4-3 என்றோ இருக்கும் இன்ஜின்களுக்குத்தான் இந்த விதி பொருந்தும். வால்வு வரிசை வேறாக இருந்தால் கையேட்டில் உள்ள முறையையே பின்பற்றுங்கள்.

ஃபீலர் கேஜின் தகட்டை ராக்கருக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் இடையே நுழைத்து இழுத்தால், எண்ணெய் பூசிய தகடு இலேசான பிடிமானத்துடன் நகர வேண்டும்; வளைந்தாலோ சிக்கினாலோ இடைவெளி குறைவு. எந்த அளவு பிடிமானம் சரியானது என்று தொடக்கத்தில் தெரியாமல் திகைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தேவையான அளவு 0.30 என்றால் அந்தத் தகடு நுழைய வேண்டும், 0.35 தகடு நுழையக்கூடாது. இந்தச் சோதனையில் கையின் பழக்கத்துக்கு வேலையே இல்லை.

ராக்கரில் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்தபின் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் அதனுடன் சிறிது திரும்பிவிடும். ஆகவே ஸ்க்ரூ டிரைவரால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கி, இறுக்கியபின் மறுபடியும் அளந்து பாருங்கள். இறுக்குவதற்கு முன் எடுத்த அளவை நம்பி அடுத்த வால்வுக்குப் போய்விடுவதால்தான் பாதி வேலைகள் கெட்டுப்போகின்றன.

கேள்வி: கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்த பிறகும் டேப்பெட் சத்தம் (வால்வுப் பகுதியிலிருந்து வரும் டக்டக் ஒலி) கேட்கிறது. இடைவெளியை இன்னும் கொஞ்சம் குறைத்தால் சத்தம் நின்றுவிடும் என்கிறார் நண்பர். குறைக்கலாமா?

பதில்: கூடாது. சத்தம் நிற்கும் என்பது உண்மைதான். அதற்குக் கொடுக்கும் விலை எக்ஸாஸ்ட் வால்வு. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வின் தலை, கடும் சுமையில், 700 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடேறும். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு மூடியிருக்கும் அந்தச் சிறு பொழுதில், அதன் விளிம்பு இருக்கையில் (மூடும்போது வால்வு படியும் வளையத்தில்) அழுந்தி நிற்பதால்தான் சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்குகிறது. சூட்டில் வால்வுத் தண்டு நீளும். அதற்கு இடம் விட்டுவைக்கவே இந்த இடைவெளி. இடம் போதாவிட்டால் வால்வு முழுமையாக மூடாது, வெப்பம் இறங்க வழியிராது, எரியும் வாயு விளிம்பின் ஒரு புள்ளியைத் தொடர்ந்து அறுத்துக்கொண்டு வெளியேறும். அப்புறம் ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இடைவெளி சற்றுக் கூடியிருந்தாலோ சத்தமும் சிறிது சக்தி இழப்பும் நீண்ட காலத்தில் தேய்மானமும்தான் வரும். எனவே அமைதியாகிவிட்ட பழைய இன்ஜினைக் கண்டால் மகிழாமல் அளந்து பாருங்கள் என்றே நான் சொல்வேன்.

உங்கள் சத்தத்துக்கு வேறொரு காரணம் இருக்க வாய்ப்புண்டு. பல ஆண்டுகள் ஓடிய ராக்கரின் முனையில், வால்வுத் தண்டு படும் இடத்தில், சிறு பள்ளம் விழுந்திருக்கும். தட்டையான ஃபீலர் தகடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்காமல் அதன் கரைகளின் மேல் படுத்துவிடுவதால், தகடு 0.30 என்று காட்டும் இடத்தில் உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். கவரைத் திறந்து ராக்கர் முனைகளைப் பாருங்கள். பள்ளம் இருந்தால் ராக்கரை மாற்றவோ முனையைச் சாணை பிடிக்கவோ வேண்டும். ஸ்க்ரூவைத் திருப்பித் தீராது.

கேள்வி: ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரே ஓர் எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் இடைவெளி குறைந்திருக்கிறது. ஏன்?

பதில்: அந்த வால்வு தன் இருக்கைக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. வால்வு மேலேறினால் தண்டின் முனை ராக்கரை நெருங்கும். இடைவெளி தானாகவே குறையும். ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட, கடின இருக்கை பொருத்தப்படாத வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் இது அடிக்கடி காணப்படும். பெட்ரோலில் இருந்த ஈயத்தின் படிவு வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே மெல்லிய காப்பாக இருந்தது; ஈயம் நீக்கப்பட்டபின் அந்தக் காப்பு இல்லை. வேகமாக, நீண்ட தூரம் ஓட்டினால் தேய்மானம் கூடும். இப்போதைக்கு அந்த வால்வை மட்டும் அடிக்கடி பரிசோதித்து, அளவைத் தேதியுடன் குறித்துவையுங்கள். கூடவே கம்ப்ரெஷன் சோதனையும் (ஒவ்வொரு சிலிண்டரிலும் சேரும் அழுத்தத்தை அளப்பது) செய்யுங்கள். அந்தச் சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்து காட்டினால் சேதம் தொடங்கிவிட்டது. நிரந்தரத் தீர்வு, ஹெட்டைக் கழற்றிக் கடின எக்ஸாஸ்ட் இருக்கைகளைப் பொருத்துவதே.

கேள்வி: என் காரில் ஓவர்ஹெட் கேம் (வால்வுகளுக்கு மேலேயே கேம்), ஸ்க்ரூவும் லாக் நட்டும் இல்லை, ஷிம்தான் (தன் தடிமனால் இடைவெளியைத் தீர்மானிக்கும் சிறு உலோகத் தட்டு) இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அளக்கும் முறை அதேதான், கேம் மேட்டின் பின்புறத்துக்கும் ஷிம்முக்கும் இடையே அளக்க வேண்டும். புதிய ஷிம்மின் தடிமன் என்பது பழைய ஷிம்மின் தடிமனுடன் அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால் வருவது. பழையது 3.70 மி.மீ., அளந்தது 0.15, வேண்டியது 0.20 என்றால் 3.65 மி.மீ. ஷிம் வாங்க வேண்டும். ஷிம்மின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்துகொள்ளுங்கள், அதுவும் தேய்ந்திருக்கலாம். சில இன்ஜின்களில் ஷிம்மை எடுக்க கேம் ஷாஃப்ட்டையே கழற்ற நேரும். உங்களுடையது அவ்வகை என்றால், எட்டு வால்வுகளையும் முதலில் அளந்து முழுக் கணக்கையும் எழுதி முடித்த பிறகே டைமிங் பெல்ட்டைத் தொடுங்கள்.