பார்த்தினானை வரையும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய ஐயா,

பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் எந்நேரமும் கிரேக்க, ரோமானியக் கட்டடங்களை வரைந்துகொண்டிருக்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் அவள் மனம் கட்டடத்தின் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பாருங்கள்.

ரோம் நகரத்துப் பாந்தியன் என்ற பழங்கோயிலைப் பற்றி அவளிடம் பேச்சுக் கொடுங்கள். கி.பி. 126 வாக்கில், ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் ஆட்சியில் கட்டி முடித்தது. 43 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குவிமாடம். உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. அடியில் கனமான கல், மேலே போகப்போக இலேசான எரிமலை நுரைக்கல் என்று கலவையையே மாற்றியிருக்கிறார்கள். குவிமாடத்தின் அடியில் ஏறத்தாழ 6 மீட்டர் இருக்கும் தடிமன், உச்சித் திறப்பருகே ஒரு மீட்டர் சொச்சமாகக் குறைந்துவிடுகிறது. இதையெல்லாம் நீங்கள் கேட்காமலேயே அவள் விளக்கத் தொடங்கினால், தயங்காமல் பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர்த்துவிடுங்கள்.

பாரசீகர்கள் எரித்த குன்றின்மீது ஏதென்ஸ் மக்கள் கி.மு. 447-இல் பார்த்தினான் கோயிலை ஏன் எழுப்பத் தொடங்கினார்கள், அவர்கள் தலைவர் பெரிக்ளீஸுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவள் பேச்சு போனால், அவளுக்குரியது வரலாறும் தொல்லியலும். அந்த வழியில் கிரேக்கமும் லத்தீனும் கற்க வேண்டும். மேற்படிப்புக்குப் பெரும்பாலும் வெளிநாடு போக வேண்டியிருக்கும். செலவும் காத்திருப்பும் அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பி.ஆர்க். ஐந்து ஆண்டுப் படிப்பு. நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வை அல்லது ஜே.இ.இ. மெயின் தேர்வின் பி.ஆர்க். தாளை எழுத வேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது; உறவினர் வீட்டுக் கணினிப் பொறியாளரோடு ஒப்பிட்டு அவளை நோகடிக்காதீர்கள். பின்னர் டெல்லி எஸ்.பி.ஏ. (திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரி) போன்ற இடங்களில் பழங்கட்டடப் பாதுகாப்பில் முதுகலை படிக்கலாம். அவளுடைய இந்த ஆர்வத்துக்கு நேரான வேலை அதுதான்.

அந்த வேலை நம் ஊரிலும் இருக்கிறது. சென்னை ராஜாஜி மண்டபம், கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் கிரேக்கக் கோயிலின் சாயலில் வடிவமைத்து 1802-இல் எழுந்தது. எஸ்பிளனேடில் பச்சையப்பன் மண்டபமும் அந்த மரபில் வந்ததே. ஒரு விடுமுறை நாளில் அழைத்துப் போய், வெளியே நின்றாவது ஒரு தூணை அடி முதல் தலைவரை அளவு பிசகாமல் வரையச் சொல்லுங்கள். நாட்டா தேர்வின் வரைதல் பகுதிக்கு நல்ல பயிற்சி.

கணிதத்தை மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை விட்டுவிட வேண்டாம். அது இல்லாமல் பி.ஆர்க். கிடைக்காது.