துவக்குக் கீறும் பிள்ளையின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மகனின் கொப்பியை என் மேசையில் வைத்தபோது உங்கள் கை நடுங்கியது. இவனுக்கு ஆயுத ஆசையோ, இதை எரித்துவிடவோ என்பதுதான் உங்கள் கேள்வி. முள்ளிவாய்க்கால் வரை நடந்த ஒரு தாய்க்கு அந்தத் துவக்குப் படங்கள் வெறும் படங்களாகத் தெரியாதுதான். இரவு முழுக் கொப்பியையும் இருந்து வாசித்தேன்.

அவன் கீறியிருப்பது 1884இல் ஹைரம் மாக்சிம் உருவாக்கிய இயந்திரத் துப்பாக்கி. குழலைச் சுற்றித் தண்ணீர் உறை. ஓரத்தில் பென்சிலால் இரண்டு கேள்விகள்: பின்னுதைப்பு எப்படி அடுத்த ரவையை ஏற்றுகிறது? தண்ணீர் எதற்கு? முதலாவது உந்தக் காப்பு: ரவை முன்னே பாயும்போது துவக்கு பின்னே உதைக்கும், அந்த உதைப்பே அடுத்த ரவையை ஏற்றும். இரண்டாவது மறைவெப்பம்: நிமிடத்துக்கு 600 ரவை அளவில் சுட்டால் குழல் சூடேறும், தண்ணீர் கொதித்து ஆவியாகி அந்தச் சூட்டைக் கொண்டுபோகும். இரண்டும் உயர்தரப் பௌதிகவியல், அம்மா. பிள்ளை இன்னும் சாதாரண தரமே எழுதவில்லை.

கொப்பியின் அடுத்த பக்கத்தில் முதலாம் உலகப் போர்: 1916 யூலை 1, பிரான்சின் சொம் ஆற்றங்கரைச் சண்டை. பிரித்தானியர் ஒரு கிழமை செல்லடித்தும் முட்கம்பி பல இடங்களில் அறவில்லை. ஆழமான பங்கர்களில் இருந்த ஜேர்மனியர் செல்லடி ஓய்ந்ததும் ஏறிவந்து இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தினார்கள். நேரே சுடுவதைவிடப் பக்கவாட்டில் இருந்து சுட்டதுதான் வரிசை வரிசையாக வந்தவர்களை விழுத்தியது. ஜேர்மனியரின் செல்லும் சேர்ந்தது. பிரித்தானியப் படையில் அந்த ஒரே நாளில் 19,000க்கு மேற்பட்டோர் செத்தார்கள். அந்த எண்ணுக்குக் கீழே உங்கள் மகன் எழுதியிருப்பது: "இவ்வளவு பேரையும் ஏன் நடக்கவிட்டவை?"

இது ஆயுத ஆசை இல்லை என்பதே என் முடிவு. கொப்பியை எரிக்க வேண்டாம்.

கணிதம் நன்றாக வந்தால் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கட்டும்; கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே பொறியியல் பீடம் இருக்கிறது. கைவேலையில் மனம் போனால் தொழினுட்பப் பிரிவு, அல்லது அதே அறிவியல் நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம். கடைசிக் கேள்விதான் அவனை இழுக்கிறது என்றால் கலைப் பிரிவில் வரலாறு படிக்கட்டும். அதைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகப்போகிறேன் என்றும் சொல்லக்கூடும். மரியாதையான வேலை, ஆனால் நிலம் துப்புரவானதும் முடிகிற வேலை. அதற்காகப் படிப்பை இடையில் விட விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிறகு வந்த துப்பாக்கிகளில் தண்ணீர் உறை ஏன் இல்லாமல் போனது என்ற கேள்வியைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அதை அவனோடு இருந்து கதைக்க வேண்டும்.