லைனில் ஓடும் சர்ஜ்: சிமுலேஷனை எவ்வளவு நம்பலாம்?

உயர் மின்னழுத்த லைனில் மின்னல் விழும்போதும் பிரேக்கர் (லைனை இணைக்கும், துண்டிக்கும் சுவிட்ச்) மூடும்போதும் சில மில்லி செகண்டுக்குள் வந்துபோகும் சர்ஜை, அதாவது திடீர் மின்னழுத்த அலையை, கணினியில் கணக்கிடுவது பற்றி வந்த கேள்விகள், பதில்களோடு.

20 கிலோமீட்டர் லைன், டைம் ஸ்டெப் (கணக்கின் நேர இடைவெளி) 100 மைக்ரோ செகண்ட். சாஃப்ட்வேர் எச்சரிக்கை காட்டுகிறது. ஏன் சார்? (முதுகலை மாணவர்)

அலை ஒரு மைக்ரோ செகண்டில் ஏறக்குறைய 300 மீட்டர் ஓடும். 20 கிலோமீட்டரைக் கடக்க 67 மைக்ரோ செகண்ட் போதும். உங்கள் ஸ்டெப் அதைவிடப் பெரியது. அலை மறுமுனைக்குப் போய்ச் சேர்வதைக் கணக்கால் பிடிக்கவே முடியாது. ஹெர்மன் டொம்மல் 1969-இல் வெளியிட்ட முறையில்தான் சர்ஜைக் கணக்கிடும் ஈஎம்டிபி வகை மென்பொருள்கள் வளர்ந்தன. அதில் லைனின் இரு முனைகளையும் இணைப்பதே இந்தப் பயண நேரம்தான். 5 மைக்ரோ செகண்ட் வைத்துப் பாருங்கள். எந்த லைனை எடுத்தாலும் முதலில் பயண நேரத்தைக் கையால் கணக்கிட்டுவிடுங்கள்.

லைன் முழுவதையும் ஒரே சின்னச் சுற்றாகச் சுருக்கும் பை (π) மாதிரி போதாதா?

50 ஹெர்ட்ஸ் நிலைக்குப் போதும். சர்ஜுக்குப் போதாது. ஒற்றைப் பை, லைனில் இல்லாத ஓர் அதிர்வைத் தானே உண்டாக்கிக் காட்டும்.

லைனை சார்ஜ் செய்தபோது ரெக்கார்டரில் அதிர்வு சீக்கிரம் அடங்கிவிட்டது. சிமுலேஷனில் அடங்கவே மாட்டேன் என்கிறது. (சப்ஸ்டேஷன் பொறியாளர்)

நிலையான அளவுருக்கள் கொண்ட மாதிரியை 50 ஹெர்ட்ஸ் எண்களோடு ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மின்னோட்டத்தில் ஒரு பங்கு மண் வழியாகத் திரும்புகிறது. மண்ணின் மின்தடைத்திறன் 100 ஓம்-மீட்டர் என்றால், 50 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 700 மீட்டர் ஆழம் வரை பரவும். 5,000 ஹெர்ட்ஸில் 70 மீட்டர்தான். பாதை குறுகக் குறுக மின்தடை ஏறும், அதிர்வு சீக்கிரம் அடங்கும். இதற்கான கணக்கை ஜான் கார்சன் 1926-லேயே தந்துவிட்டார். அதை அலைவெண்ணோடு மாறும் லைன் மாதிரியாக டைம் டொமைனுக்குள் (நேரப்படி நகரும் கணக்குக்குள்) கொண்டுவந்ததில் ஹோசே மார்ட்டியின் 1982 மாதிரிக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் மென்பொருளில் அது இருக்கும், அதற்கு மாற்றுங்கள்.

அப்புறம், அந்த ரெக்கார்டர் சிவிடி-யிலிருந்து (லைன் மின்னழுத்தத்தைக் குறைத்து அளவீட்டுக்குத் தரும் கருவி) சிக்னல் எடுக்கிறதா என்று பாருங்கள். சிவிடி 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது, வேகமான அதிர்வை அப்படியே கடத்தாது. பல நேரம் மாதிரியைக் குறை சொல்கிறோம், அளவீட்டைச் சந்தேகிப்பதில்லை.

மொத்தத்தில் பிழை எத்தனை சதவீதம்?

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே சதவீதம் கிடையாது. ரீகுளோசிங்கை (திறந்த பிரேக்கரை மீண்டும் மூடுவதை) எடுத்துக்கொள்ளுங்கள். லைனில் −1 பெர் யூனிட் (வழக்கமான உச்ச மின்னழுத்தத்தை 1 என்று வைக்கும் அளவு) சார்ஜ் தங்கியிருக்க, சப்ளை +1-இல் இருக்கும்போது பிரேக்கர் மூடினால் 2 பெர் யூனிட் அலை கிளம்பும். திறந்த முனையில் பிரதிபலித்து அது இரட்டிப்பாகி 4 ஆகும். −1-ஐச் சேர்த்தால் 3. அதே பிரேக்கர் சில மில்லி செகண்ட் தள்ளி மூடினால் இந்த அலையே வெகுவாகக் குறைந்துவிடும். பிரேக்கரின் மூன்று துருவங்களும் (ஃபேஸுக்கு ஒன்று) ஒரே கணத்தில் மூடுவதும் இல்லை. எவ்வளவு நல்ல லைன் மாதிரி இருந்தாலும் ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு சொல்லக்கூடாது. மூடும் நேரத்தை மாற்றி மாற்றி நூறு, இருநூறு முறை ஓட்டி, பரவலைப் பாருங்கள்.

மின்னலுக்கு?

டவர் அடியின் எர்த் மின்தடைதான் முக்கியம். கோடையில் அளந்ததும் மழைக்குப் பின் அளந்ததும் ஒன்றாக இருக்காது. வடிவமைப்புத் தாளில் உள்ள 10 ஓமை அப்படியே போட்டுவிட்டு, மாதிரி துல்லியம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

புகளூர்–திருச்சூர் டிசி லைனில் ஒரு பகுதி கேபிள். அதற்கும் இதே மாதிரி போதுமா?

போதாது. மேல்நிலைக் கம்பியின் சர்ஜ் இம்பிடன்ஸ் (ஓடும் அலையின் வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள விகிதம்) சில நூறு ஓம், கேபிளுக்குச் சில பத்து ஓம். இணையும் இடத்தில் ஒவ்வொரு முறையும் பிரதிபலிப்பு உண்டு. கேபிளில் வேகமும் குறைவு. கேபிளுக்கு 1999-இல் வந்த யூனிவர்சல் லைன் மாடலைப் போடுங்கள். கம்பிகளின் அலைகளைத் தனித்தனியாகப் பிரிக்க மார்ட்டி மாதிரி எல்லா அலைவெண்ணுக்கும் ஒரே உருமாற்ற அணியை வைத்துக்கொள்கிறது, அது அங்கே சரிவராது.

பிரேக்கர் திறந்ததும் வோல்டேஜ் ரம்பப்பல் போல ஏறி இறங்குகிறது. நிஜமா?

டைம் ஸ்டெப்பைப் பாதியாக்குங்கள். அதிர்வும் இரட்டிப்பு வேகமானால் அது மென்பொருள் பயன்படுத்தும் டிரப்பசாய்டல் கணக்குமுறையின் வேலை, லைனில் நடப்பதல்ல. இந்தப் பொய் அதிர்வை அடக்கும் கிரிட்டிக்கல் டேம்பிங் வசதி இருந்தால் போடுங்கள், போய்விடும்.