அந்த ஐகானை மறைத்தது யார்?

கேள்வி:

அன்புள்ள அம்மா, எனக்கு வயது 29. கோவையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பெற்றோர் பார்த்துக்கொள்ளும் ஆப் ஒன்றைச் செய்கிறோம். பிள்ளையின் போன் இருக்கும் இடம், யாரிடம் பேசியது, என்ன மெசேஜ் வந்தது எல்லாம் பெற்றோரின் போனில் தெரியும். இடத்தைக் காட்டும் பகுதியை எழுதியது நான்தான். போன மாதம் எங்கள் சப்போர்ட்டுக்கு ஒரு பெண் மெயில் அனுப்பியிருந்தார். "என் தங்கையின் மெயிலில் இருந்து எழுதுகிறேன். உங்கள் ஆப்பை என் கணவர் எனக்குத் தெரியாமல் என் போனில் போட்டிருக்கிறார். அம்மா வீட்டுக்குப் போனதை மறைத்தேன் என்று அடித்தார். இதை எப்படி எடுப்பது?" என்று கேட்டிருந்தார். சப்போர்ட்டில் இருக்கும் பையன் வழக்கமான பதிலை அனுப்பிவிட்டான்: "உங்கள் கணக்கு எண்ணைத் தெரிவிக்கவும்." அவருக்கு ஏது கணக்கு எண்? மேனேஜரிடம் போனேன். "கத்தி செய்யறவன் கொலைக்குப் பொறுப்பா? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு கேள்விப்பட்டதில்லையா? நம்ம ஆப்பால எத்தனை பெத்தவங்க நிம்மதியா இருக்காங்க, அதைப் பாரு" என்றார். வீட்டுக் கடன் இருக்கிறது, அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வேலையை விட முடியாது. ஆனால் தூக்கம் வரவில்லை. அந்த அடியில் எனக்கும் பங்கு உண்டா அம்மா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் தூக்கத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தப் பெண். மெயில் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. உங்கள் பக்கத்திலிருந்து அவருக்குப் போனது அந்த ஒரு வரி மட்டும்தான்.

அவர் தங்கையின் மெயிலில் இருந்து எழுதியிருக்கிறார், கவனித்தாயா? தன் போனில் எதைத் தட்டினாலும் கணவன் கண்ணில் படும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் பதில் அந்தத் தங்கையின் மெயிலுக்கு மட்டும்தான் போக வேண்டும். அவருடைய எண்ணுக்கு மெசேஜ் அனுப்பாதே, கூப்பிடாதே. இன்னொன்று, இதைவிட முக்கியம். பரிதாபப்பட்டு இன்று இரவே அந்தக் கணவனின் கணக்கை முடக்கிவிடாதே. அவன் திரை திடீரென்று இருண்டால், அவள் கண்டுபிடித்துவிட்டாள், யாரிடமோ சொல்லியிருக்கிறாள் என்று அவனுக்குப் புரியும். வேவு பார்ப்பதை நிறுத்துகிற நேரம்தான் அடி கூடுகிற நேரம் என்று குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆப்பை எப்போது எடுப்பது, அன்று எங்கே இருப்பது என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கம்பெனி செய்ய வேண்டியது, கணக்கு எண் கேட்காமல் எடுக்கும் வழியைச் சொல்வது, எடுத்தால் கணவனுக்கு என்ன தகவல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்வது, 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு வேறு போனிலிருந்து கூப்பிடச் சொல்வது, அவனுடைய கணக்கின் பதிவுகளை அழிக்காமல் வைத்திருப்பது. நாளை போலீஸோ நீதிமன்றமோ கேட்டால் அவைதான் சாட்சி.

சரி, இப்போது உன் கேள்வி. அடித்த கை அவனுடையது. அந்தக் குற்றத்தில் ஒரு துளியையும் நீ உன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஏற்றிக்கொண்டால் அவனுக்குப் பாரம் குறைந்துவிடும், அதை நான் விரும்பவில்லை. ஆனால் உன் மேனேஜர் சொன்னதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அவர் சொன்ன பழமொழியில் எய்தவன் இருக்கிறான், அம்பு இருக்கிறது. அம்பு செய்தவனைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. கத்தி செய்கிற கொல்லர் கத்தியைக் கொடுத்துக் காசு வாங்கியதும் அவர் வேலை முடிந்தது. அது எந்த வீட்டுக்குப் போயிற்று, வெங்காயம் வெட்டியதா வேறெதையும் வெட்டியதா, அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உங்கள் ஆப் அப்படியா? அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போன செய்தி அவர் போனிலிருந்து உங்கள் சர்வருக்கு வந்து, அங்கிருந்துதான் கணவனின் போனுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு அம்பும் உங்கள் ஆபீஸ் வழியாகவே போகிறது. மாதாமாதம் அதற்குச் சந்தாவும் வாங்குகிறீர்கள். விற்ற பிறகும் பிடியை விடாதவர்கள் தங்களைக் கத்தி செய்கிறவரோடு ஒப்பிட்டுக்கொள்ளக் கூடாது.

எனக்கு இதில் நினைவுக்கு வருவது ஸ்கேன் மெஷின். என் சித்தி மகள் இரண்டாவது முறை உண்டானபோது மாமியார்தான் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார். முதல் குழந்தை பெண். வீடு திரும்பிய மூன்றாம் நாள் 'கலைந்துவிட்டது' என்று எங்களுக்குச் சொன்னார்கள். அவள் அதன் பிறகு பல வருஷம் எந்தக் குழந்தையையும் தூக்கவில்லை. நாங்களும் காரணம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

அந்த மெஷினைக் கண்டுபிடித்தவர்கள் பெண் சிசுவைக் கொல்லவா கண்டுபிடித்தார்கள்? எத்தனை தாய்மார்களை, எத்தனை குழந்தைகளை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இந்தியாவில் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த பிறகும், 'நாங்கள் மெஷின் விற்கிறோம், அவ்வளவுதான்' என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-ல் அது 927 ஆனது. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்து, 1996 முதல் நடைமுறையில் இருந்தும் இந்த நிலை. பொதுநல வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் யாருக்கு மெஷின் விற்றீர்கள், பட்டியல் கொடுங்கள் என்று நீதிமன்றம் தயாரிப்பாளர்களையே கேட்டது. 2003-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பதிவு பெறாத மையத்துக்கு மெஷின் விற்கக் கூடாது, யாருக்கு விற்றோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது.

அந்தச் சட்டம் என்ன சொல்லவில்லை என்பதையும் பார். மெஷின் செய்தவனைக் கொலைகாரன் என்று சொல்லவில்லை. மெஷினைத் தடை செய்யவும் இல்லை. உன் பொருள் எந்தக் கைக்குப் போகிறது என்று பார்க்கும் வேலை உன்னுடையது என்றது. அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை, 2011 கணக்கிலும் அந்த எண்ணிக்கை ஏறவில்லை. மாமியார்களும் கணவன்மார்களும் மாறாமல் மெஷின்காரர் மட்டும் மாறினால் போதாதுதான். அதற்காக அவருடைய பங்கு இல்லாமல் போய்விடுமா?

உன் தொழிலுக்கே வருகிறேன். 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஏர்டேக் என்று ஒரு சின்ன வில்லையை விற்பனைக்கு விட்டது. சாவி, பை தொலைந்தால் கண்டுபிடிக்க. சில ஆண்கள் அதைப் பெண்களின் பையிலும் காரிலும் ஒளித்துவைத்துப் பின்தொடர்ந்தார்கள். வாங்கியவரை விட்டு அது மூன்று நாள் பிரிந்திருந்தால் ஒலி எழுப்பும் என்று முதலில் வைத்திருந்தார்கள். ஒரே வீட்டில் இருக்கும் கணவன் பின்தொடர்ந்தால்? அவன்தான் தினமும் இரவு வீட்டுக்கு வந்துவிடுவானே, மூன்று நாள் எங்கே பிரிகிறது? கண்டனம் வந்தது. இரண்டு மாதத்துக்குள் அதை 8 முதல் 24 மணி நேரத்துக்குள் என்று மாற்றினார்கள். அந்த வருஷக் கடைசியில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களும் சோதித்துப் பார்க்க ஓர் ஆப் விட்டார்கள். தாமதம்தான், போதாது என்ற குறையும் நியாயமானதுதான். ஆனால் 'வாங்கியவன் பாடு' என்று அவர்களால் கைகழுவ முடியவில்லை.

அந்த மூன்று நாள் என்ற எண்ணை யாரோ ஒருவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்திருப்பார். கெட்டவராக இருந்திருக்க மாட்டார். காசு கொடுத்து வாங்கியவரை நினைத்துக்கொண்டு முடிவு செய்திருப்பார், பின்தொடரப்படுகிறவர் அவர் மனதில் இருந்திருக்க மாட்டார். உங்கள் கம்பெனியிலும் நடப்பது இதுதான். உங்களுக்கு வாடிக்கையாளர் கணவன். அந்தப் பெண் யார்? அவர் கணக்கில் இல்லை, அதனால்தான் கணக்கு எண் கேட்டால் அவரிடம் பதில் இல்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆப்பின் ஐகான் போனில் தெரியுமா, மறைந்திருக்குமா? நீ எழுதவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அது அவர் போனில் இருந்திருக்கிறது என்றால் மறைக்கும் வசதி இருக்கிறது என்றே நினைக்கிறேன். கூகுளின் பிளே ஸ்டோரில் இப்படிப்பட்ட ஆப்கள் தங்களை மறைத்துக்கொள்ளக் கூடாது, கண்காணிப்பு நடக்கிறது என்ற அறிவிப்பு திரையில் எப்போதும் தெரிய வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் சில கம்பெனிகள் ஸ்டோரில் ஒன்றை வைத்துவிட்டு, மறைந்து வேலை செய்யும் இன்னொன்றைத் தங்கள் வலைத்தளத்திலிருந்து தனியாக இறக்கிக்கொள்ளச் சொல்கின்றன. உங்கள் கம்பெனியும் அப்படிச் செய்தால், 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லும் உரிமை போய்விட்டது.

ஸ்கூல் வேன் வந்துவிட்டதா என்று பார்க்கிற அம்மாவுக்கு ஐகானை மறைக்க வேண்டிய தேவை என்ன? எட்டு வயதுப் பிள்ளையிடம், 'நீ எங்கே இருக்கிறாய் என்று அம்மாவுக்குத் தெரியும், பயப்படாதே' என்று சொல்லியே போடலாம். மேனேஜர் சொன்ன பெற்றோரின் நிம்மதி நிஜம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நிம்மதிக்கு ஒளிவு தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். பதினாறு வயதுப் பிள்ளையை ரகசியமாகப் பார்க்க வேண்டும் என்று சில பெற்றோர் கேட்பார்கள்தான். அவர்களுக்காக வைத்த கதவு வழியாக எத்தனை கணவன்மார் நுழைகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல். கத்தியை இரண்டு விதமாகவும் பயன்படுத்தலாம். மறைப்பதை ஒரே விதமாகத்தான் பயன்படுத்த முடியும்.

சட்டமும் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. அமெரிக்காவில் ஸ்டெல்த்ஜீனி என்ற வேவு ஆப்பை விற்றவரை 2014-ல் கைது செய்தார்கள். துணை மீது சந்தேகப்படுகிறவர்களுக்கு என்றே விற்கப்பட்ட ஆப் அது. ஒளிந்து ஒட்டுக்கேட்பதற்கென்றே ஒரு பொருளை விற்றதுதான் குற்றம். அவர் ஒப்புக்கொண்டார், 5 லட்சம் டாலர் அபராதம். 2021-ல் ஸ்பைபோன் என்ற நிறுவனத்தையும் அதன் தலைவரையும் கண்காணிப்புத் தொழிலே செய்யக் கூடாது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் தடுத்தது. யார் யார் போனில் அது இருந்ததோ அவர்களுக்குத் தகவல் சொல்லவும் உத்தரவிட்டது. நம் நாட்டில், ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல் தொடர்புகளைக் கண்காணிப்பது 2013 முதல் குற்றம். இப்போது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. கணவனுக்கென்று அதில் விலக்கு எழுதியிருக்கவில்லை. இதையெல்லாம் மேனேஜரிடம் சொல். மனசாட்சியைப் பற்றிப் பேசினால் கேட்காதவர்கள் வழக்கு என்றால் கேட்பார்கள். எந்தக் காரணத்தால் கேட்டாலும் அந்தப் பெண்ணுக்கு நல்லதுதானே.

உன் பங்கு எவ்வளவு என்று கேட்டாய். போன மாதம் அந்த மெயிலைப் படிக்கும் வரை நீ எழுதியது பிள்ளையைத் தேடும் அம்மாவுக்காக. அதுவரை நடந்ததற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். படித்த பிறகு உனக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து உன் பங்கு தொடங்குகிறது. அதுவும் உன்னால் எதை மாற்ற முடியுமோ அந்த அளவுக்குத்தான். முதலாளியால் ஒரு நாளில் அந்த வசதியை எடுத்துவிட முடியும், அவர் பங்கு பெரியது. உன்னால் எழுத முடியும், கேட்க முடியும், மறைக்கும் பகுதியில் இனி ஒரு வரியும் எழுத மாட்டேன் என்று சொல்ல முடியும்.

வாயால் சொல்லாதே, மெயிலில் எழுது. ஐகான் மறைவதை எடுக்க வேண்டும், கண்காணிப்பு நடப்பது போனில் தெரிய வேண்டும், கணக்கு இல்லாதவர் புகார் செய்தாலும் சப்போர்ட் பதில் சொல்ல வேண்டும் என்று கேள். அந்த சப்போர்ட் பையனையும் சேர்த்துக்கொள், அவனுக்கும் அந்த மெயில் உறுத்தாமல் இருக்காது. இரண்டு பேர் கேட்டால் ஒருவரை மட்டும் வெளியே அனுப்புவது சுலபமில்லை. வேலையை இன்றைக்கே விடு என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவின் டயாலிசிஸ் நிற்கக் கூடாது. ஆனால் வேறு இடம் தேடத் தொடங்கு. மூன்று மாதம் கெடு வைத்துக்கொள். அதற்குள் அந்த ஐகான் வெளியே தெரியவில்லை என்றால், அந்தக் கம்பெனி தெரிந்தேதான் விற்கிறது. அப்போது உன் திறமை அங்கே இருக்க வேண்டாம்.

இந்தப் பதில் அச்சாகி வரும் வரை காத்திருக்காதே என்றுதான் இதை உனக்குத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். அந்தத் தங்கைக்கு எழுதும்போது எந்த மாவட்டம் என்று மட்டும் கேள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் உண்டு. மாவட்டம் தெரிந்தால் போதும், அவருடைய தொலைபேசி எண்ணை நான் விசாரித்துத் தருகிறேன்.